கட்டுவதும் கையளிப்பதும்: புலம்பெயர்வின் அறம் பற்றிச் சில சிந்தனைகள்

வினா

ஒரு குடும்பம் தான் பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டிற் குடியேறப் புறப்படும்போது, அவ்வீட்டின் கடைசி இரு வாரங்களும் பெட்டிகளின் ஆட்சிக்கு உட்பட்டுவிடுகின்றன. விறாந்தையில் ஒரு பெட்டி திறந்து கிடக்கும். உள்ளறையில் ஒரு பெட்டி மூடிக் கட்டப்பட்டிருக்கும். கட்டியது மீண்டும் அவிழ்க்கப்படும். தூக்குத் தராசு ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவருக்கு 23 கிலோ என்றோ 30 கிலோ என்றோ விமானக் கம்பெனி வகுத்த அளவுக்குள் ஒரு வாழ்க்கையை அடக்கிவிட வேண்டும். அந்த அவசரத்தில், 'இதை எடுப்பதா, விடுவதா?' என்ற கேள்வி நாளொன்றுக்கு நூறு முறை எழும்.

இக்கேள்வியைப் பெரும்பாலும் வசதி பற்றிய ஒரு கேள்வியாகவே நாம் கருதுகின்றோம். போகும் நாட்டிற் குளிர் எவ்வளவு, அங்கே மிளகாய்த்தூள் கிடைக்குமா, சுங்கத்தார் கருவாட்டை விடுவார்களா என்பவற்றை அறிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும் என எண்ணுகின்றோம். ஆயின் சற்று நின்று நோக்கின் இங்கே மூன்று வினாக்கள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைக் காணலாம். எவற்றை எடுத்துச் செல்லலாம் என்பது சட்டத்தின் வினா. எவற்றை எடுத்துச் செல்ல விரும்புகின்றோம் என்பது ஆசையின் வினா. எடுத்துச் செல்ல முடியாதவற்றை யாரிடம், எவ்வாறு விட்டுச் செல்வது என்பது அறத்தின் வினா. முதலிரண்டையும் பற்றி நாம் இரவிரவாகப் பேசுகின்றோம். மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் அரியர். அம்மூன்றாம் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் சந்தர்ப்பமும்

இச்சிந்தனைக்கு வித்திட்டது ஒரு சொந்த அனுபவம். என் தமக்கையார் தம் கணவரோடும் பத்து வயது மகளோடும் கனடாவிற் குடியேறப் புறப்பட்டபோது, அவர்களுக்குத் துணையாக இரு வாரங்கள் குச்சவெளியிலுள்ள எங்கள் வீட்டில் நான் தங்கியிருந்தேன். எழுதப் படித்த தம்பி என்ற முறையில் பொருட்களின் பட்டியலை எழுதும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பட்டியலைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

குச்சவெளி, திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், புல்மோட்டை வீதியில் அமைந்த ஒரு கடற்கரை ஊர். முஸ்லிம்களும் தமிழரும் அயலயலாக வாழும் பிரதேசம் அது. போவதும் வருவதும் அக்கரைக்குப் புதியன அல்ல. மேற்குக் கரையிற் கடல் கொந்தளிக்கும் கச்சான் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவர்கள் இப்பக்கம் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்து, வாடைக்காற்றுத் தொடங்குமுன் திரும்பிச் செல்வர். வடக்கே புல்மோட்டையிலோ கடற்கரை மண்ணே கப்பலேறுகின்றது. அங்குள்ள கரிய இல்மனைற்று மணல் பிறநாடுகளுக்குச் சென்று, வீட்டுச் சுவர்களுக்குப் பூசும் வெண்ணிறப் பூச்சாக மாறுகின்றது. மண்ணே பெயரும் ஊரில் மனிதர் பெயர்வதில் வியப்பில்லை எனலாம்.

ஆயினும் பெயர்க்க முடியாத ஒன்றைப் பற்றிய கதையும் அப்பிரதேசத்திற்கு உண்டு. குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த திரியாயில் கிரிஹண்டு சேயா எனப்படும் பௌத்தத் தொல்லிடம் ஒன்றுள்ளது. தபஸ்ஸு, பல்லுக என்ற வணிகர் இருவர் புத்தரின் கேசதாதுக்கள் அடங்கிய பேழையோடு கடல் கடந்து அவ்விடம் வந்தனர் என்றும், குன்றின்மீது பேழையை இறக்கி வைத்து உணவருந்திவிட்டு மீண்டும் எடுக்க முனைந்தபோது அதனை அசைக்க இயலவில்லை என்றும் மரபுக்கதை கூறும். அங்குள்ள பழைய வடமொழிக் கல்வெட்டும் அவ்வணிகரின் பெயரைச் சுட்டுகின்றது. கதை வரலாறாகுமா என்பது இங்கு நமக்கு வேண்டுவதன்று. ஊர் ஊராகச் சுமந்து திரிந்தவர்கள் ஓரிடத்தில் இறக்கி வைத்ததை மறுபடி தூக்க முடியாமற் போனார்கள் என்ற அந்த உருவகமே நமக்கு வேண்டுவது. ஒவ்வொரு குடும்பமும் புறப்படும் நாளில் அத்தகைய ஒரு பேழையின் முன் நிற்கின்றது.

பிறர் வகுத்த எல்லை

எதனைக் கட்டுவது என்ற வினாவே எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். ஈழத்தின் அண்மைக்கால வரலாறு இதற்குப் போதிய சான்று தரும்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத்தில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என வகுத்தது. அவர்கள் தம் சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட்ட உடைமைகளைக் கொண்டு செல்லலாம் எனவும், ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படாது எனவும் அதிற் கூறப்பட்டது. இரு அரசுகள் ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து எழுதிய வாசகம் அது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலேறியவர்களுட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். 'தாயகம் திரும்புதல்' என்று ஆவணங்கள் கூறிய அப்பயணம் அவர்களுக்கு ஒரு புதிய நாட்டுக்கான பயணமே. தலைமுறை தலைமுறையாகத் தாம் நட்ட தேயிலையை எந்தப் பெட்டியிற் கட்டுவது என்று அவர்களை எவரும் கேட்டதில்லை.

1985இல் திரியாய் மக்கள் ஊரை விட்டு ஓடியபோது கட்டுவதற்கு நேரமே இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டவை மாற்றுடையும் சிறு தொகைப் பணமுமே. தமிழராகிய நாம் நமது இழப்புகளை எண்ணும்போது, நம் பெயரால் பிறர் பெட்டிகளுக்கு வகுக்கப்பட்ட இந்த எல்லையையும் சேர்த்து எண்ணாவிடின் நமது கணக்கு நேர்மையான கணக்காகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையோ இனமும் மதமும் பாராது, எவருக்கும் எதையும் கட்ட அவகாசம் தரவில்லை.

இவற்றை அடுக்கிக் காட்டுவது துயரத்தை மீட்டுவதற்காக அன்று. ஓர் உண்மையை நிறுவுவதற்காகவே. இரு வாரங்கள் அமர்ந்து, தராசிலே நிறுத்து, 'இதுவா அதுவா' என்று தெரிந்தெடுக்கும் வாய்ப்பு ஒரு பேறு. ஓடியவர்களிடம் 'விட்டு வந்ததை யாரிடம் ஒப்படைத்தாய்?' என்று கேட்பது கொடுமை. விசாவும் விமானச்சீட்டும் கையில் வைத்திருப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்பது நீதி. நேரம் கிடைத்தவர்க்கே இக்கடமை உண்டு. அவர் அக்கடமையிலிருந்து விலகவும் முடியாது.

உடைமையும் இருப்பும்

புறப்படுவோருக்கு நம்மவர் கூறும் ஆறுதல் இருவகைப்படும். 'பொருளில் என்ன இருக்கின்றது? மனிதன்தான் முக்கியம்; எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போ' என்பது ஒன்று. எரிக் புரொம் 1976இல் வெளியிட்ட நூலொன்றில் உடைமையை நாடும் வாழ்வையும் இருப்பை நாடும் வாழ்வையும் வேறுபடுத்திக் காட்டியதை அறிந்தோர் இதற்குத் தத்துவச் சாயலும் பூசுவர். கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டையும் உடன் நினைவூட்டுவர். மற்றையது இதற்கு எதிரானது. 'ஊரின் நினைவாக ஒரு பிடி மண்ணாவது கொண்டு போ' என்பது அது.

இரண்டும் முழுமையான விடைகள் அல்ல என்பது என் எண்ணம். முதலாவது கூற்று, பொருட்கள் மனிதரிடையே உள்ள உறவின் கண்ணிகள் என்பதை மறந்துவிடுகின்றது. கிணறு எனக்குச் சொந்தமான வெறும் குழியன்று. அயல்வீட்டார் நால்வர் தண்ணீர் அள்ளும் இடம். அதனை 'உடைமை' என்று கூறி உதறிவிட்டுச் செல்வது துறவு போலத் தோன்றும். அங்கே துறக்கப்படுவது கிணறு மட்டுமன்று, அந்நால்வருமே. இரண்டாவது கூற்றோ, விட்டுச் செல்லும் முழுமைக்கு ஈடாக ஓர் அடையாளப் பொருளை வைத்து மனத்தை ஆற்றுகின்றது. கண்ணாடிப் பேழையுள் வைத்த ஒரு பிடி மண்ணில் எதுவும் முளைப்பதில்லை. அது போனவருக்கு ஆறுதல் தரலாம். இருப்பவருக்கு எதுவும் தருவதில்லை.

இரண்டு கூற்றும் புறப்படுபவனை மட்டுமே நோக்கி நிற்கின்றன என்பதே அவற்றின் பொதுக் குறை. எதனை எடுத்தால் அவன் மனம் நிறையும், எதனை விட்டால் அவன் மனம் இலேசாகும் என்று அவை ஆராய்கின்றன. அறம் அவன் மனத்தில் மட்டும் முடிந்துவிடும் ஒன்றன்று. அவன் சென்ற மறுநாட் காலையில் அவ்வூரில் யாது நிகழும் என்பதையும் அது கேட்கும்.

மூன்று புறப்பாடுகள்

நம்மிடையே வழங்கும் பழைய வரலாறுகளில் மூன்று புறப்பாடுகளை இங்கு ஒப்பு நோக்கலாம்.

சிலப்பதிகாரத்திற் கோவலனும் கண்ணகியும் பொழுது புலருமுன் இருளிலே புகாரை விட்டு வெளியேறுகின்றனர். கையிலுள்ள முதல் ஓர் இணைச் சிலம்பு. சுமை என்ற அளவில் அதனினும் சிறிய சுமையுடன் எவரும் புறப்பட்டதில்லை எனலாம். ஆயினும் அவர்கள் பெற்றோரிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. மதுரைக்குச் செல்லும் வழியிற் கோசிகன் வந்து பெற்றோர் படும் துயரைக் கூறும்போதுதான் தான் விட்டு வந்ததன் பாரம் கோவலனுக்குத் தைக்கின்றது. அப்போதுங்கூட, மாதவி தனக்கு எழுதிய ஓலையின் வாசகம் பெற்றோருக்கும் பொருந்துவதாய் இருப்பதைக் கண்டு, அதையே அவர்களிடம் காட்டுமாறு அனுப்புகின்றான். பிற்பாடு கொலைக்களம் செல்லுமுன் பெற்றோர்க்குத் தான் இழைத்த பிழையை எண்ணி வருந்துகின்றான். இறுதியில் இரு தாயரும் உயிர் நீத்தனர். தந்தையர் இருவரும் துறவு பூண்டனர். கோவலன் புகாரில் விட்டுச் சென்ற மிகப் பெரிய பொருள் சொல்லாத அந்தச் சொல்லே.

வான்மீகி காட்டும் இராமன் காடு புறப்படுமுன் தன் செல்வத்தையெல்லாம் பகிர்ந்தளிக்கின்றான். அத்துடன் நில்லாது, தன்னை அண்டி வாழ்ந்த பணியாளர்க்குத் தான் திரும்பும்வரை வேண்டிய வாழ்க்கைப்பொருளை ஈந்து, தன் மனையையும் இலக்குவன் மனையையும் அவர்கள் காத்திருக்குமாறு பணிக்கின்றான். முடியை இழந்தவனுக்குத் தன் துயரிலே மூழ்கியிருக்க முழு உரிமை இருந்தது. அவனோ தன்னால் வாழ்ந்தவரின் நாளைய உணவை எண்ணினான்.

மூன்றாவது, கி.பி. 622இல் நபிகள் நாயகம் அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்து. மக்கத்து மக்கள், அவரை எதிர்த்தோர் உட்பட, தம் பொருட்களை அவரிடம் அமானிதமாக வைத்திருந்தனர். உயிருக்கே ஆபத்து நேர்ந்த அவ்வேளையிலும், அவற்றை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் பொருட்டு அலி அவர்களைப் பின்னே நிறுத்திச் சென்றார் என வரலாறு கூறும். துன்புறுத்தி வெளியேற்றியவர்களின் பொருளாயினும் அமானிதம் அமானிதமே என்ற நிலைப்பாடு இங்குக் காணப்படுகின்றது.

மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கின், புறப்பாட்டின் தகுதி கட்டிய பொருளின் அளவினால் அமைவதன்று என்பது தெளிவாகும். விட்டுச் சென்றதனைப் பற்றி ஒருவர் கொண்ட பொறுப்பே அதனை நிர்ணயிக்கின்றது.

ஒரு தையல் இயந்திரம்

இவ்வளவும் நூல்வழி அறிந்தவை. இவற்றின் பொருளை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டிலுள்ள ஒரு தையல் இயந்திரம்.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது எனக்கு ஒன்பது வயது. ஊரிலிருந்த தமிழ்க் குடும்பங்களோடு நாங்களும் வெளியேறினோம். தந்தையார் காணி உறுதியையும் எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் பொலித்தீன் பையிற் சுற்றி இடுப்பிற் கட்டிக்கொண்டார். அம்மா தையற்கூலியால் வீட்டுச் செலவில் அரைப்பங்கைத் தாங்கியவர். காலால் மிதித்து இயக்கும் அவருடைய இயந்திரத்தைத் தூக்கிச் செல்ல வழியில்லை. வேலிக்கு அப்பால் வாழ்ந்த முஸ்லிம் பெண்மணி ஒருவரை அம்மா 'ராத்தா' என்றே அழைப்பார். அவரிடம் இயந்திரத்தை ஒப்படைத்தார். 'நான் வராட்டி நீங்களே வைச்சிருங்கோ' என்று அம்மா கூறியதும், 'வருவீங்க, அதுவரைக்கும் அமானிதம்' என்று அவர் விடையளித்ததும் என் செவியில் இன்றும் உள்ளன.

நாங்கள் திருகோணமலை நகரிலும் பின்னர் வவுனியாவிலும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தோம். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஊர் திரும்பியபோது இயந்திரம் இருந்தது. அது அங்கே இருந்ததன் வரலாற்றை அப்பெண்மணியின் கணவரே பின்னொரு நாள் கூறினார். நாங்கள் வெளியேறிச் சில வாரங்களில் அவர்களும் ஊரை விட்டுப் போக நேர்ந்ததாம். உழவு இயந்திரப் பெட்டியில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அவர் தம் அலுமாரியை இறக்கி வைத்துவிட்டு எங்கள் இயந்திரத்தை ஏற்றச் செய்தார். திரும்பி வந்தபோது அலுமாரி இல்லை.

இயந்திரத்தை அம்மாவிடம் கையளித்தபோது அவர் இது பற்றி ஒன்றும் கூறவில்லை. 'பெல்ட்டு ரெண்டு தரம் மாத்தின. இதில தைச்ச கூலியில ஒரு பங்கு வெச்சிரிக்கன், எடுத்துக்கங்க' என்று மட்டுமே கூறினார். அம்மா அப்பணத்தை ஏற்கவில்லை. ஏற்காதது சரியோ என்று பிற்காலத்தில் பலமுறை எண்ணிப் பார்த்துள்ளார். ஆழிப்பேரலையில் எங்கள் முன்னறை வரை நீர் வந்தபோது இயந்திரத்தின் மரப்பலகை ஊறி வெடித்தது, இரும்பு நிலைத்தது. இன்றும் அது ஓடுகின்றது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. தமக்கே கட்டுவதற்கு இடமில்லாதபோது பிறர் பொருளைக் கட்டியவர் ஒருவர் இருந்தார் என்பது முதலாவது. 'நேரம் கிடைத்தவர்க்கே கடமை' என்று மேலே நான் வகுத்த நியாயத்தை அவர் தம் செயலால் கடந்து நின்றார். கடமை எல்லைக்குட்பட்டது, மனிதப் பண்பு அவ்வெல்லையிலே நின்றுவிட வேண்டும் என்பதில்லை. அவர் இயந்திரத்தைப் பூட்டி வைக்கவில்லை, பயன்படுத்தினார் என்பது இரண்டாவது. பன்னிரண்டு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தால் அது துருப்பிடித்த இரும்பாகவே எம்மிடம் மீண்டிருக்கும்.

பூட்டுதல் வேறு, கையளித்தல் வேறு

இவ்விரண்டாம் உண்மை இன்று நாம் பெரிதும் சிந்திக்க வேண்டியது. 1983இன் பின் எம்மவர் உலகெங்கும் பரந்தனர். 1986 ஓகத்தில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகள் இரண்டில் மிதந்துவந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழரை மீனவர் மீட்டனர். அவர்களிடம் பெட்டி ஏது? அவர்களைப் போல வெறுங்கையோடு சென்று கரை சேர்ந்தோரின் அழைப்பினாலும் உழைப்பினாலும் பின்னர் பலர் ஒழுங்காகப் பெட்டி கட்டிச் சென்றனர். அவ்வாறு சென்றோர் விட்ட வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. காணிகள் முட்கம்பிக்குள் பற்றை மண்டிக் கிடக்கின்றன. அயலில் வாடகைக்கு வீடின்றி அலைவோர் உளர். பயிரிட நிலமின்றி இருப்போர் உளர். 'பார்த்துக்கொள்' என்று சொல்லி ஓர் உறவினரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு, அவர் ஒரு தேங்காயைப் பறித்தாலும் தொலைபேசியில் விசாரணை நடத்துவோரும் உளர். இது கையளிப்பன்று. இருப்பவனைப் போனவனின் காவற்காரனாக்குதல் இது.

கையளித்தலுக்கு மூன்று இயல்புகள் வேண்டும் என்று தோன்றுகின்றது. பெறுபவரின் சம்மதத்தைக் கேட்டுப் பெறுதல் ஒன்று. பயன்படுத்தும் உரிமையையும் பொருளோடு சேர்த்துக் கொடுத்தல் மற்றொன்று. திரும்பி வராவிடின் யாது செய்வது என்பதை வெளிப்படையாகக் கூறிச் செல்லுதல் மூன்றாவது. 'நான் வராட்டி நீங்களே வைச்சிருங்கோ' என்ற அம்மாவின் ஒற்றை வாக்கியத்துள் இம்மூன்றில் இரண்டு அடங்கியிருந்தன.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 'போகிறவனுக்கு ஏற்கனவே துயரம் மிகுதி. அவன் போவது குடும்பத்தின் நன்மைக்காக. பிள்ளைகளின் அச்சமற்ற எதிர்காலத்துக்காக. அவன்மேல் மேலும் கடமைகளைச் சுமத்துவது தகுமோ?' என்பது அது. போகும் உரிமையை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஒருவரை நாட்டைவிட்டுப் போகச் செய்யும் சூழலை மாற்றாமல், போகிறாயே என்று அவரை மட்டும் பழிப்பது நேர்மையற்றது. இங்கே வேண்டப்படுவது புதியதொரு சுமையன்று. ஒப்படைக்கப்படாத பொருள் மறைந்துவிடுவதில்லை. போனவனின் மனத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து கனக்கின்றது. முறையாகக் கையளித்தவனே உண்மையில் இலேசாகப் பயணம் செய்பவன்.

பட்டியலில் இல்லாதவர்

இனி அந்தப் பட்டியலைப் பற்றிக் கூற வேண்டும். நீளத்தாளில் நான்கு நிரல்கள் வகுத்தேன்: எடுத்துச் செல்வன, விற்பன, கொடுப்பன, விட்டுச் செல்வன. குளிருடுப்பு, சான்றிதழ்கள், ஒடியல்மா, மகளின் நடனச் சலங்கை, வேப்பம்பூ வடகம், கோழிக்கூடு, நீரிறைக்கும் மோட்டார், பலா மரம், கோயிற் பங்கு, கடையில் எழுதிவைத்த கடன் என நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் அதில் இடம்பெற்றன. ஒரு முழு நாள் அதனைச் சரிபார்த்த பின்னரே, அதே வீட்டில் எங்களுக்குத் தேநீர் வார்த்துக்கொண்டிருந்த எழுபத்தைந்து வயது அம்மா எந்த நிரலிலும் இல்லை என்பது எனக்குத் தட்டுப்பட்டது. அவர் என்னோடு திருகோணமலையில் இருப்பார் என்று நானும் தமக்கையாரும் தொலைபேசியில் முன்னரே முடிவு செய்திருந்தோம். அவரை நாங்கள் கேட்கவில்லை. பாத்திரம் பண்டங்களுக்கு அளித்த விசாரணையைக்கூட அவருக்கு நாங்கள் அளிக்கவில்லை.

அன்றிரவு வெட்கத்தோடு அவரிடம் பேச்செடுத்தேன். 'அம்மாவை ஆரிட்ட விட்டிட்டுப் போறது எண்டுதான் அக்காவுக்குக் கவலை' என்று தொடங்கினேன். அவர் இடைமறித்தார். 'என்னை ஆரிட்டையும் விட்டிட்டுப் போகத் தேவையில்லை, தம்பி. நான் சாமானில்லை. என்னட்ட என்னத்தைத் தந்திட்டுப் போகீனம், அதைச் சொல்லு.'

இக்கட்டுரையில் நான் இதுவரை கூறிவந்த கருத்தின் குறையை அவ்வாக்கியம் திருத்தியது. எடுத்துச் செல்ல முடியாதவற்றைக் கையளிக்க வேண்டும் என்றேன். மனிதர் கையளிக்கப்படும் பொருள் அல்லர், அவர்கள் கையேற்பவர். முதியோரை 'யார் பார்ப்பது' என்று கேட்கும்போதே நாம் அவர்களைப் பெட்டிகளோடு ஒரு பெட்டியாக அடுக்கிவிடுகின்றோம். அவர்களிடம் பொறுப்பு ஒன்றை ஒப்படைக்கும்போது, அவர்கள் இன்னும் வாழ்வின் பங்காளிகள் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். சிறுவர்க்கும் இது பொருந்தும். புதிய நாட்டிற் பிள்ளை எந்த மொழியைப் பேசும், எந்த விளையாட்டுப் பொருளை எடுக்கும் என்பவற்றையெல்லாம் பெரியோரே தீர்மானிக்கின்றனர். அப்பிள்ளைக்கும் விட்டுச் செல்வதற்கு ஓர் உலகம் உண்டு என்பதை நாம் எண்ணுவதில்லை.

மறுநாட் பட்டியலின் நிரல்களை மாற்றினோம். அம்மா குச்சவெளி வீட்டிலேயே இருப்பதென்றும், வாரந்தோறும் நான் வருவதென்றும் அவர் விருப்பப்படி முடிவாயிற்று. கிணறும் பலாவும் அவர் பெயருக்கு வந்தன. அறை இரண்டைத் தூர இடத்திலிருந்து வந்து கற்பிக்கும் ஆசிரியை ஒருவருக்கு வாடகைக்கு விடும் அதிகாரமும் அவருக்கே வந்தது. கடையிலிருந்த கடன் அன்றே தீர்க்கப்பட்டது. மருமகள் தன் துவிச்சக்கரவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வேலிக்கு அப்பாற் சென்றாள். அவ்வீட்டுப் பெண்மணி இன்று இல்லை. அவருடைய பேர்த்தி இருக்கின்றாள். 'பூட்டி வைக்காதே, பள்ளிக்கூடத்துக்கு ஓடு. பின்சில்லுக்குக் காற்று நிற்காது' என்று அவளிடம் கூறிவிட்டு வந்தாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

முடிவு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நாடு விட்டு நாடு பெயர்தல் இன்று நம் சமூகத்தின் இயல்பான நிகழ்வுகளுள் ஒன்றாகிவிட்டது. அதற்கான ஆயத்தம் என்பதைக் கடவுச்சீட்டு, விசா, தராசு, பெட்டி ஆகியவற்றோடு முடிந்துவிடும் ஒன்றாகக் கருதுகின்றோம். எடுத்துச் செல்வதன் எல்லையை விமானக் கம்பெனியும் சுங்கமும் வகுத்துவிடுகின்றன. அதில் நமது சுதந்திரம் சிறிது. விட்டுச் செல்வதன் முறையை வகுப்பவர் நாமே. அதில் நமது சுதந்திரம் பெரிது. நேரமின்றி ஓடியவர்கள் அச்சுதந்திரத்தை இழந்தனர். அவர்களுக்குக் கிடைக்காத அந்த இரு வாரங்களைப் பெற்றவர்கள் அவற்றை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதே அவர்தம் புறப்பாட்டின் அறத்தை அளக்கும் கோல்.

கட்டுநாயக்கா செல்லும் வாகனம் இரவு பத்து மணிக்கு வந்தது. ஏழு பெட்டிகளும் ஏறின. ஒரு பெட்டி ஒன்றரைக் கிலோ கூடுதல் எனக் கடைசி நேரத்திற் கண்டு, தமக்கையார் அதைத் திறந்து ஒரு பொதியை வெளியே எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அது என்னவென்று அம்மா கேட்கவில்லை. 'இது என்னட்ட இருக்கட்டும்' என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.